வள்ளத்து எஞ்சினுக்கு ஆயில் மாற்ற: நம் கையா, துறைமுக மெக்கானிக்கா, கம்பெனி சர்வீஸா?

வள்ளத்தின் பின்னால் வெளியே மாட்டுகிற நான்கு ஸ்ட்ரோக் அவுட்போர்டு எஞ்சின் வாங்கினால் கூடவே வரும் கையேட்டில் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: முதல் ஆயில் மாற்றம் 20 மணி நேரத்தில், அப்புறம் 100 மணி நேரத்துக்கு ஒருமுறை, அவ்வளவு ஓடாவிட்டால் ஆறு மாதத்துக்கோ வருடத்துக்கோ ஒருமுறை. இதை எழுதியவர் மனதில் இருந்தது ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஏரியில் சுற்றப் போகிற ஆள். நம்ம கரையில் ஒரு வள்ளம் நாளுக்கு ஐந்து மணி நேரம் எஞ்சின் ஓட்டி, மாதத்தில் இருபது நாள் கடலுக்குப் போனால் அந்த 100 மணி ஒரே மாதத்தில் தீர்ந்துவிடும். அங்கே வருடத்துக்கு ஒருமுறை வருகிற வேலை இங்கே பன்னிரண்டு முறை வருகிறது. நாமே செய்வதா, ஆளை விட்டுச் செய்வதா என்பதை முதலில் இந்தக் கணக்கை வைத்துத்தான் பார்க்க வேண்டும், கூலி எவ்வளவு மிச்சம் என்பதெல்லாம் அதற்கு அப்புறம்.

தூத்தூர், வள்ளவிளை பக்கத்து ஆழ்கடல் போட்டுக்காரர்களுக்கு இந்தக் கேள்வியே கிடையாது. பெரிய டீசல் எஞ்சினுக்கு 250 மணி நேரம் என்று வைத்துக்கொண்டால், இரவு பகலாக ஓடும்போது பத்து நாளில் அது முடிந்துவிடும். கொச்சி தோப்பும்படியிலிருந்தோ முனம்பத்திலிருந்தோ கிளம்பிய போட் அப்போது கரையிலிருந்து எங்கேயோ இருக்கும், ஆயில் கேனும் ஃபில்டரும் ஐஸோடு சேர்த்து ஏற்றிக்கொண்டு போய் போட்டை நடத்துகிற ஸ்ராங்கும் எஞ்சின் பார்க்கிற ஆளும் அங்கேயே மாற்றிக்கொள்வார்கள், வேறு வழியில்லை. அவர்களுக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை, அவர்களிடம் நாம்தான் கேட்க வேண்டும். இது மற்றவர்களுக்கு: நீரோடியிலோ பொழியூரிலோ கரையிலிருந்து இறக்கிப் போய்வருகிற ஃபைபர் வள்ளம், சின்ன டீசல் எஞ்சின் வைத்த படகு, பூவார் காயலில் சவாரி ஓட்டுகிற போட், இப்படி தினமும் ராத்திரி கரைக்கு வந்துவிடுகிறவர்களுக்கு.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். உங்களிடம் இருப்பது மண்ணெண்ணெயில் ஓடும் பழைய இரண்டு ஸ்ட்ரோக் அவுட்போர்டு என்றால் அதில் மாற்றுவதற்கு எஞ்சின் ஆயில் என்று ஒன்றே இல்லை. எண்ணெய் எரிபொருளோடு கலந்தோ தனி டேங்கிலிருந்தோ உள்ளே போய் எரிந்து வெளியே போய்விடுகிறது. இதைத் தெரியாமல் "ஆயில் மாத்தியாச்சு" என்று காசு கொடுத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன், மாற்றியது கீழே இருக்கும் கியர் ஆயிலைத்தான், சில சமயம் அதையும் மாற்றியிருக்க மாட்டார்கள். இந்த வகை எஞ்சினுக்குக் கவனிக்க வேண்டியது மூன்று: கலக்குகிற ஆயில் சரியானதா, கியர் ஆயில் பால் நிறமாகாமல் இருக்கிறதா, மண்ணெண்ணெயிலேயே எஞ்சினை நிறுத்தாமல் கடைசியில் பெட்ரோலுக்கு மாற்றி நிறுத்துகிறீர்களா. மூன்றாவதைச் செய்யாமல் விட்டால் கார்புரேட்டரில் மண்ணெண்ணெய் தங்கி மறுநாள் விடியற்காலையில் கயிறு இழுத்து இழுத்துத் தோள் கழன்றுவிடும். இதில் எதற்குமே மெக்கானிக் தேவையில்லை.

கலக்குகிற ஆயிலைப் பற்றி ஒரு வார்த்தை. பைக்குக்கும் ஆட்டோவுக்கும் விற்கிற 2டி ஆயில் மலிவாகக் கிடைக்கிறது என்று ஊற்றுகிறவர்கள் நிறைய. அது காற்றில் குளிர்கிற, சூடாக ஓடுகிற எஞ்சினுக்கானது. அவுட்போர்டு கடல் தண்ணீரால் குளிர்ந்து, அதைவிடக் குறைந்த சூட்டில் ஓடும், அதற்குச் சாம்பல் விடாத ஆயில் வேண்டும், டப்பாவில் டிசி-டபிள்யூ3 என்று போட்டிருக்கும். தப்பான ஆயிலில் பிளக் அடிக்கடி கறுத்துப்போகும், பிஸ்டன் வளையத்தில் கரி பிடிக்கும். எஞ்சின் ஒரே நாளில் நின்றுவிடாது, அதனால்தான் யாரும் ஆயிலைக் குறை சொல்வதில்லை, பிளக்கைத்தான் சொல்வார்கள்.

கியர் ஆயில்தான் என் பார்வையில் நாமே செய்தே ஆக வேண்டிய வேலை, அதற்குக் காரணம் தங்கூசி, அதாவது மீன்பிடிக்கிற நைலான் நரம்பு. கடலில் மிதக்கிற அறுந்த தங்கூசி நரம்பு புரொப்பெல்லருக்குப் பின்னால் சுற்றிக்கொண்டு, ஷாஃப்டு சுற்றச் சுற்ற ரப்பர் சீலை அறுத்துக்கொண்டே போகும். வெளியே ஒன்றும் தெரியாது. அறுந்த இடம் வழியாக உப்புத் தண்ணீர் கியர் பெட்டிக்குள் போய், ஆயிலோடு கலந்து, பல் சக்கரத்தையும் பேரிங்கையும் தின்னும். கியர் பெட்டி போனால் சின்ன எஞ்சினில் பாதி விலை போன மாதிரி. எஞ்சினை நேராக நிறுத்தி, கியர் பெட்டியின் கீழ் ஸ்க்ரூவைக் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். உள்ளே தண்ணீர் இருந்தால் கனம் காரணமாக அது கீழே இறங்கி நிற்கும், முதலில் அதுதான் வரும், நாலு சொட்டிலேயே சங்கதி தெரிந்துவிடும். அப்புறம் மேல் ஸ்க்ரூவையும் எடுத்தால் ஆயில் முழுதாக வடியும். காப்பிப்பால் நிறத்தில் வந்தால் சீல் போயிருக்கிறது, அன்றைக்குக் கடல் வேண்டாம். ஸ்க்ரூவின் காந்த முனையில் மை போலப் பொடி ஒட்டியிருப்பது சாதாரணம், நகத்தில் நெருடுகிற துணுக்கு இருந்தால் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். புது ஆயிலை மேலேயிருந்து ஊற்றாதீர்கள், காற்று சிக்கிக்கொள்ளும். கீழ் ஓட்டையில் டியூபை வைத்து அழுத்தி, மேல் ஓட்டையில் குமிழியில்லாமல் ஆயில் வழியும் வரை ஏற்ற வேண்டும், மேல் ஸ்க்ரூவை முதலில் மூடிவிட்டு அதன்பிறகு டியூபை எடுத்துக் கீழ் ஸ்க்ரூவைச் சட்டென்று மாட்ட வேண்டும். இரண்டுக்கும் வாஷர் புதிதாக. அப்படியே புரொப்பெல்லரையும் கழற்றி, உள்ளே தங்கூசி இருந்தால் பிளேடால் அறுத்து எடுத்து, ஷாஃப்டின் பல்லுக்குக் கிரீஸ் வைத்து மாட்டிவிட்டால் அரைமணி நேர வேலை.

இதை மெக்கானிக் செய்ய மாட்டாரா என்றால், செய்வார். ஆனால் நம்ம கரையில் வள்ளம் மணலில்தான் ஏறுகிறது, எஞ்சினைக் கழற்றித் தோளில் சுமந்து வீட்டுக்கோ ஷெட்டுக்கோ கொண்டுபோய் மரச்சட்டத்தில் மாட்டுகிறோம், நீல டிரம்மில் நல்ல தண்ணீர் நிரப்பி அதில் ஓடவிட்டு உப்பைக் கழுவுகிறோம். எஞ்சின் நம் திண்ணையில் நிற்கும்போது அதற்கு ஒரு ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு இன்னொருவர் பைக்கில் வரும்வரை காத்திருப்பதில் எனக்கு நியாயம் தெரியவில்லை.

மண்ணெண்ணெய் கிடைப்பது சிரமமான பிறகு நான்கு ஸ்ட்ரோக் பெட்ரோல் எஞ்சினுக்கு மாறியவர்களுக்குத்தான் நிஜமான ஒப்பீடு தேவைப்படுகிறது. இதில் சம்பில், அதாவது எஞ்சினின் ஆயில் தொட்டியில், ஆயில் இருக்கிறது, ஃபில்டர் இருக்கலாம், வாரண்டியும் இருக்கிறது. வாரண்டி ஓடுகிற காலத்தில் நான் கம்பெனி சர்வீஸ் பக்கம்தான். நாகர்கோவிலுக்கோ திருவனந்தபுரத்துக்கோ எஞ்சினை ஏற்றிக்கொண்டு போவது ஒரு நாள் தொழிலைக் கெடுக்கும், உண்மைதான், ஆனால் உள்ளே ஏதாவது உடைந்தால் அவர்கள் முதலில் கேட்பது சர்வீஸ் புத்தகத்தில் முத்திரை எங்கே என்றுதான். குறிப்பாக அந்த 20 மணி நேர முதல் சர்வீஸை விடாதீர்கள், புது எஞ்சின் பழகும்போது உதிர்கிற உலோகப்பொடி முதல் ஆயிலில்தான் இருக்கும், தினமும் போகிறவர்களுக்கு அது நாலைந்து நாளிலேயே வந்துவிடும், யாரும் எதிர்பார்ப்பதில்லை. இடையில் வருகிற ஆயில் மாற்றத்தை நாமே செய்தால் ஆயிலும் ஃபில்டரும் வாங்கின பில்லைத் தேதியும் மணிக்கணக்கும் எழுதிப் பத்திரப்படுத்துங்கள், அது செல்லுமா என்று வாங்கும்போதே கடையில் கேட்டுவிடுங்கள். வாரண்டி முடிந்த மறுநாளிலிருந்து இந்த வேலையைக் கம்பெனியிடம் கொடுப்பதில் அர்த்தமில்லை.

நான்கு ஸ்ட்ரோக் அவுட்போர்டுக்குக் கார் ஆயில் போதாதா என்று அடிக்கடி கேட்கிறார்கள். தடிமன் ஒன்றாக இருக்கலாம், 10டபிள்யூ-30, 10டபிள்யூ-40 எல்லாம் கார் ஆயிலிலும் உண்டு. கடல் எஞ்சினுக்கான எஃப்சி-டபிள்யூ ஆயிலில் துருப்பிடிக்காமல் இருக்கக் கூடுதலாகச் சேர்த்திருப்பார்கள். உப்புக்காற்றில் நிற்கிற எஞ்சினுக்கு, அதுவும் மழைக்காலத்தில் நாள் கணக்கில் சும்மா நிற்கும்போது, அந்த வித்தியாசம் வேண்டும். ஒரு லிட்டர், ஒன்றரை லிட்டர் போகிற எஞ்சினில் இதில் மிச்சம் பிடிப்பது வீண்.

இனி படகுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும் டீசல் எஞ்சின். இங்கே கதை வேறு. லாரிக்கு அடியில் படுத்து போல்ட்டைத் திறந்தால் ஆயில் சட்டியில் விழும், படகில் சம்புக்கும் அடிப்பலகைக்கும் நடுவே கை நுழைந்தால் பெரிது, சட்டி எங்கே வைப்பது? அதனால் மேலேயிருந்துதான் உறிஞ்ச வேண்டும். சில எஞ்சினில் கைப்பம்பு கூடவே பொருத்தியிருப்பார்கள், இல்லாவிட்டால் ஆயில் அளவு பார்க்கிற டிப்ஸ்டிக் ஓட்டை வழியாக மெல்லிய குழாயை விட்டு இழுக்கிற பம்பு ஒன்று வாங்க வேண்டியதுதான். நாமே செய்வது என்று முடிவெடுத்தால் முதல் செலவு இதுதான், ஸ்பேனர் செட்டெல்லாம் அப்புறம். எஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓட்டி வெதுவெதுப்பாக்கிவிட்டு உறிஞ்சுங்கள், ஆயில் இளகி அழுக்கும் அதோடு மிதந்து வரும், ஆறிப்போன எஞ்சினில் அழுக்கெல்லாம் அடியில் படிந்து அங்கேயே நிற்கும். கொதிக்கிற சூட்டிலும் வேண்டாம், கை வெந்துவிடும், குழாயும் இளகிவிடும்.

ஃபில்டரைக் கழற்றும்போது ஒரு பிளாஸ்டிக் பையை அதன்மேல் போர்த்திக்கொண்டு கழற்றினால் சிந்துவது பைக்குள்ளேயே போகும். பழைய ரப்பர் வளையம் ஃபில்டரோடு வந்ததா, எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டதா என்று கையால் தடவிப் பாருங்கள். எனக்கு ஒருமுறை ஒரு மெக்கானிக் மாற்றிக்கொடுத்தபோது பழைய வளையம் மேலேயே இருந்தது, அதன்மேல் புது வளையம் உட்கார்ந்து, கரையில் பார்க்கும்போது சுத்தமாக இருந்த எஞ்சின் கடலில் வேகம் ஏற்றியதும் இரண்டு வளையத்துக்கும் நடுவே ஆயிலைப் பீய்ச்சியது. ஆயில் பிரஷர் விளக்கு எரிந்ததும் நிறுத்திவிட்டதால் பேரிங் தப்பித்தது, பக்கத்து வள்ளம் கட்டி இழுத்துக்கொண்டு வந்தது. அவர் கெட்டிக்கார மெக்கானிக்தான், அன்றைக்கு அவருக்கு எட்டு எஞ்சின் வேலை, எனக்கு ஒரே ஒரு எஞ்சின். புது வளையத்தில் விரலால் ஆயில் தடவி, கையால் திருகி வளையம் தொட்டதும் அதற்குமேல் முக்கால் சுற்று, அவ்வளவுதான், ஸ்பேனர் போட்டு இறுக்கினால் அடுத்தமுறை கழற்றுகிறவர் உங்களைத் திட்டுவார், அது நீங்களாகவே இருக்கலாம். ஆயில் ஊற்றியதும் சில நிமிடம் மெதுவாக ஓட்டி, பிரஷர் வந்ததா பார்த்து, நிறுத்திப் பத்து நிமிடம் கழித்து அளவு பாருங்கள். படகு மட்டமாக இருக்கும்போது பாருங்கள். மணலில் சரிந்து நிற்கிற படகில் டிப்ஸ்டிக் பொய்தான் சொல்லும்.

சரி, மெக்கானிக்கின் பக்கம் என்ன இருக்கிறது? நிறைய. துறைமுகத்து மெக்கானிக் வருடத்துக்கு நூறு எஞ்சினைக் காதால் கேட்கிறவர். நமக்குச் சத்தமாகக் கேட்பது அவருக்கு வால்வு இடைவெளியாகவோ ஒரு இன்ஜெக்டராகவோ கேட்கும். விழிஞ்ஞத்திலிருந்து வருகிற ஒரு சேட்டன் எஞ்சின் மூடியைத் திறக்காமலேயே, வெளியே வருகிற புகையைப் பார்த்துக்கொண்டு, "மக்கா, ஆயில் மாத்தினா இது தீராது கேட்டியா, நாசில் இறக்கணும்" என்று சொல்லி நான் பார்த்திருக்கிறேன், சொன்னது சரியாகவும் இருந்தது. இன்ஜெக்டர், டீசல் பம்பு, வால்வு, ஷாஃப்டு நேராக இருக்கிறதா என்பது, கியர் பெட்டிக்குள் கைவைப்பது, இதெல்லாம் அவர் வேலை. அதற்குரிய கருவி நம்மிடம் இல்லை, வாங்கினாலும் வருடத்தில் ஒருமுறை எடுப்போம்.

ஆயில் மாற்றுவதில் மட்டும் அவருக்கு ஒரு குறை உண்டு, அது அவருடைய தப்பும் இல்லை: வெளியே வந்த ஆயிலை நீங்கள் பார்ப்பதில்லை. எஞ்சின் பேசுகிறது என்றால் அதில்தான் பேசுகிறது. டீசல் எஞ்சினில் புது ஆயில் சீக்கிரமே கறுத்துப்போவது சாதாரணம், கறுப்பைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பால் நிறம் என்றால் தண்ணீர், ஹெட் கேஸ்கெட்டோ ஆயில் கூலரோ பார்க்க வேண்டும். விரலில் எடுத்து மோந்தால் டீசல் வாடை, தேய்த்தால் வழவழப்பில்லை, டிப்ஸ்டிக்கில் அளவு ஏறியிருக்கிறது என்றால் டீசல் எங்கேயோ ஒழுகி உள்ளே இறங்குகிறது. ஆயில் குறைந்தால் எல்லோரும் பதறுகிறார்கள், ஏறினால் "பரவாயில்லையே, குடிக்கவே இல்லை" என்று சந்தோஷப்படுகிறார்கள், உண்மையில் ஏறுவதும் ஆபத்துதான். வெள்ளைத் துணியில் ஊற்றி வெயிலில் பிடித்தால் மினுமினு என்று உலோகம் தெரிகிறதா பாருங்கள். இவ்வளவும் பன்னிரண்டு மாதமும் ஒரே கண் பார்த்தால்தான் போன தடவைக்கும் இந்தத் தடவைக்கும் வித்தியாசம் தெரியும்.

இன்னொன்று நேரம். குமரி மேற்குக் கரையில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை, கேரளத்திலும் டிராலர் தடை ஜூலை 31-ல்தான் முடிகிறது. அதாவது இரண்டு மாநிலத்துப் போட்டுக்காரர்களும் ஒரே மெக்கானிக்குகளை ஜூலை கடைசி வாரத்தில் தேடுகிறார்கள். அந்த வாரத்தில் செய்கிற வேலை எப்படி இருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. பெரிய வேலைக்கு ஜூன் முதல் வாரத்திலேயே மெக்கானிக்கைப் பிடியுங்கள், அப்போதுதான் உதிரி பாகம் வர வேண்டியிருந்தாலும் நேரம் இருக்கும். ஆயில், ஃபில்டர், டீசலில் தண்ணீர் பிரிக்கிற ஃபில்டர், வாட்டர் பம்பின் இம்பெல்லர், எஞ்சினுக்குப் பதிலாகத் தான் அரிந்துபோகிற துத்தநாகக் கட்டி, இதை எல்லாம் ஜூலையில் நாமே முடித்துக்கொள்ளலாம். ஒரு விஷயம், தடைக்காலத்தில் படகைக் கட்டிப்போடும்போதே பழைய ஆயிலை எடுத்துவிட்டுப் புது ஆயில் ஊற்றிக் கொஞ்சம் ஓட்டி வையுங்கள். பழைய ஆயிலில் அமிலமும் ஈரமும் இருக்கும், அதோடு இரண்டு மாதம் நிற்பது பேரிங்குக்கு நல்லதில்லை. பலர் கிளம்புகிற அன்றைக்குத்தான் மாற்றுகிறார்கள்.

காயலில் சவாரி ஓட்டுகிறவர்களுக்கு ஒரு சின்னத் திருத்தம். பூவாரில் நெய்யாறு கடலில் சேருகிற இடத்தில் தண்ணீர் பாதி உப்பு. அங்கே துத்தநாகக் கட்டியைவிட அலுமினியக் கட்டி நன்றாக வேலை செய்யும், துத்தநாகம் உப்பு குறைந்த தண்ணீரில் மேல்பூச்சு பிடித்துச் சும்மா இருந்துவிடும். உங்கள் எஞ்சின் மெதுவாகவே ஓடுகிறது, சுற்றுலாக்காரர் இறங்கி ஏறும்போதெல்லாம் அணைத்து அணைத்துப் போடுகிறீர்கள், முழுசாகச் சூடாவதற்குள் நிற்பதால் ஆயிலில் ஈரம் சேரும். ஆகவே மணிக்கணக்கு குறைவாக இருந்தாலும் 100 மணிக்கு முன்னாலேயே மாற்றுவது நல்லது.

நாமே செய்வதற்கு எதிராக ஒரே ஒரு வலுவான வாதம் இருக்கிறது, பழைய ஆயில். மெக்கானிக் ஷெட்டில் டிரம் இருக்கும், அதை எடுக்க ஆள் வருவார். நம் வீட்டில் இருப்பது பின்பக்கத் தென்னை மூடும் ஏவிஎம் கால்வாயும். 2016-ம் ஆண்டின் அபாயக் கழிவு விதிகளின்படி பழைய ஆயில் அனுமதி பெற்ற மறுசுத்திகரிப்பு ஆலைக்குத்தான் போக வேண்டும், அதனால் அதைக் கேனில் அடைத்துச் சேர்த்துவைத்து, அப்படி ஆயில் எடுத்துக்கொண்டு போகிற ஒரு வொர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடுங்கள். அங்கே கொடுக்க வழியில்லை என்றால் நாமே மாற்றுவதே வேண்டாம் என்பேன். படகின் அடியில் சிந்திய ஆயிலையும் பஞ்சுத் துணியால் ஒற்றி எடுங்கள், பம்பு போட்டால் அது நேராகக் கடலுக்குத்தான் போகும், நாளைக்கு அதே தண்ணீரில்தான் வலை விரிக்கப் போகிறோம். மரவள்ளத்துக்குப் பூசுகிறேன் என்று சிலர் பழைய ஆயிலைக் கேட்டு வாங்குவார்கள், கொடுக்காதீர்கள், அதற்கு மீனெண்ணெயும் முந்திரித்தோல் எண்ணெயும் இருக்கிறது.

ஆயில் வாங்கும்போது சீல் உடையாத டப்பாவாகப் பாருங்கள், தீர்ந்த டப்பாவைக் கத்தியால் கீறிப் போடுங்கள். காலி பக்கெட்டுக்கு நல்ல விலை கொடுக்கிறேன் என்று ஒருவர் வந்தால் அதில் என்ன ஊற்றி விற்கப்போகிறார் என்று கொஞ்சம் யோசியுங்கள். சாதாரண டீசல் எஞ்சினுக்கு 15டபிள்யூ-40, ஏபிஐ சிஐ-4 தரம் தாராளமாகப் போதும், விலை கூடிய சிந்தடிக் ஆயில் ஊற்றி மாற்றும் நாளைத் தள்ளிப்போடுவதைவிடச் சாதாரண ஆயிலைச் சரியான மணிக்கு மாற்றுவதே எஞ்சினுக்கு நல்லது.

கைமாறிய பழைய எஞ்சின் வாங்கியிருக்கிறவர்கள் மட்டும் முதல் தடவை மெக்கானிக்கையே கூப்பிடுங்கள். பக்கத்தில் உட்காருங்கள், வெளியே வருகிற ஆயிலை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து வையுங்கள், எந்த போல்ட் என்ன அளவு, எவ்வளவு ஆயில் போனது, எந்த நம்பர் ஃபில்டர் என்று எழுதிக்கொள்ளுங்கள். மணி காட்டுகிற மீட்டர் எஞ்சினில் இல்லையென்றால், கிளம்பின நேரமும் திரும்பின நேரமும் எழுத ஒரு நாற்பது பக்க நோட்டை ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில், பிளாஸ்டிக் உறைக்குள் போட்டுவைத்தால் போதும், இரண்டாவது ஆயிலை நீங்களே மாற்றலாம்.